கத்தியையும் தாக்கத்தியையும் கல்லில் தீட்டும் முறை

மழுங்கிய கத்தி கையை வெட்டாது என்று பலர் எண்ணுகின்றனர். பிள்ளைகள் எடுத்துவிடக் கூடும் என்பதற்காக வீட்டுக் கத்தியைத் தீட்டாமலே வைத்திருப்போரும் உளர். இவ்வெண்ணம் உண்மைக்கு முற்றிலும் மாறானது. கூரான கத்தி சிறிதளவு பாரத்துடனேயே காயினுள் இறங்கும். பிடித்த கைக்கு அதனை வழிநடத்தும் வேலை மாத்திரமே உண்டு. மழுங்கிய கத்தியோ அழுத்தினாலன்றி இறங்காது. அவ்வாறு அழுத்தும்போது வெங்காயத்தின் வழுக்கும் தோலிலோ பூசணியின் கடினமான தோலிலோ அலகு சறுக்குமாயின், கையின் முழுப் பலமும் அதன் பின்னால் நிற்கின்றது. சறுக்கிய அலகு சென்று சேருமிடம் பெரும்பாலும் மற்றக் கையின் விரலே.

வயலில் இதன் விளைவு இன்னும் பாரதூரமானது. அரிவு வெட்டும்போது இடக்கை நெற்பயிரைப் பற்றிக்கொள்ள, வலக்கை தாக்கத்தியை இழுக்கின்றது. இடக்கையின் சின்னவிரலுக்கும் அலகுக்கும் இடையிலுள்ள தூரம் சில அங்குலங்களே. ஒரே இழுப்பில் தாள் அறுபடாதவிடத்து வெட்டுபவர் இரண்டாம் முறை பலமாக இழுப்பார். அவ்வேளையிலேதான் அலகு தாளின் மேல் வழுக்கி விரலை அடைகின்றது. காயம் சிறிதெனக் கருதி ஒரு துண்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் சேற்றில் இறங்குவது நம்மவர் வழக்கம். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி, எலி முதலிய விலங்குகளின் சிறுநீருடன் வயல் நீரிற் கலந்து, தோலிலுள்ள வெட்டுக்களின் வழியாகவும் உராய்வுகளின் வழியாகவும் உடலினுட் புகுகின்றது. 2008 ஆம் ஆண்டில் இந்நோய் இலங்கையில் பெருமளவிற் பரவியதை நெற்செய்கைப் பகுதிகளில் உள்ளோர் மறந்திருக்கமாட்டார்கள். ஏற்புவலிக் கிருமியோ மண்ணிலும் எருவிலும் நெடுங்காலம் உயிர்வாழ்வது. ஆகவே வெட்டுக்காயம் ஏற்படின் அதனைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவி மூடுதலும், ஏற்புவலித் தடுப்பூசி பற்றி வைத்தியசாலையில் விசாரித்தலும், காயம் ஆறும்வரை வயல் நீரில் இறங்காதிருத்தலும் அவசியம். வேலைக்காலத்துக்கு முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு எலிக்காய்ச்சற் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டறிதலும் நன்று.

கைக்கு வரும் கேடு ஒருபுறமிருக்க, பயிருக்கு வரும் கேடும் சிறிதன்று. இன்று பெரிய வயல்களில் அறுவடை இயந்திரமே வேலையை முடித்துவிடுகின்றது என்பது உண்மையே. ஆயினும் இயந்திரம் திரும்புவதற்கு மூலைகளை வெட்டிக் கொடுத்தல், சாய்ந்து நீரிற் கிடக்கும் பயிரை அறுத்தல், சேற்றில் இயந்திரம் இறங்கமுடியாத வயல்களையும் சிறு துண்டுக் காணிகளையும் வெட்டுதல் ஆகிய வேலைகளுக்குத் தாக்கத்தி இன்னும் வேண்டப்படுகின்றது. நன்றாக முற்றிய கதிரை மழுங்கிய தாக்கத்தியினால் வெட்டும்போது பயிர் அறுபடுவதற்கு முன் உலுப்பப்படுகின்றது. ஒவ்வோர் உலுப்பலிலும் சில நெல்மணிகள் உதிர்கின்றன. மாதக்கணக்காக நீர்கட்டிக் காவல் காத்த பயிரின் ஒரு பங்கு, வரம்புக்கு வந்து சேராமலே குருவிக்கும் எலிக்கும் போய்விடுகின்றது.

மரக்கறிச் செய்கையில் இந்நட்டம் சந்தையிலே தெரியவரும். கூரான கத்தியால் வெட்டிய கோவாவின் அடிக்கட்டை வழுவழுப்பாகவும் வெண்மையாகவும் இருக்கும். மழுங்கிய கத்தி தண்டை வெட்டுவதில்லை, நசுக்குகின்றது. நசுங்கிய இடத்திலே சாறு கசிந்து, நிறம் மாறி, அழுகல் அங்கிருந்தே தொடங்கும். கீரையும் வெண்டியும் இவ்வகையில் மிக விரைவாகக் கெடுவன. கத்தரியின் கிளைகளைக் கத்தரித்துவிடும்போதும் இவ்வாறே: தெளிவாக வெட்டிய வாய் விரைவில் உலர்ந்து மூடும், நார் நாராகக் கிழிந்த வாயோ நோய்க்கிருமிகளுக்குத் திறந்துவைத்த கதவாகும்.

இனி, கூர் என்பது யாது என்பதை அறிதல் வேண்டும். இதனை விளங்கிக் கொள்ளாது தீட்டுவோர் கல்லையும் கத்தியையும் வீணே தேய்ப்போராவர். கத்தியின் இரு பக்கங்களும் சாய்ந்து வந்து ஒரு கோட்டிலே சந்திக்கின்றன. அக்கோட்டையே நாம் கத்தியின் வாய் என்கின்றோம். புதுக்கத்தியில் அக்கோடு கண்ணுக்குத் தென்படாத அளவு மெல்லியது. பாவிக்கும்போது அது உருண்டும், வளைந்தும், சிறு பற்களாக உடைந்தும் போகின்றது. மழுங்கிய கத்தியை விளக்கின் கீழ் வாய் மேல்நோக்கி இருக்கப் பிடித்துப் பார்த்தால், மழுங்கிய இடங்களில் வெள்ளைக் கோடு போல வெளிச்சம் பளிச்சிடும். கூரான வாயிலே வெளிச்சம் தங்குவதற்கு இடமில்லை. உருண்டுபோன அவ்வாயின் இரு பக்கங்களையும் மீண்டும் ஒரு கோட்டிலே சந்திக்கும்வரை தேய்த்தலே தீட்டலாகும். வேறு இரகசியம் இதில் இல்லை.

இதற்கு வேண்டிய கல் எல்லா இரும்புக்கடைகளிலும் கிடைக்கும். ஆறு முதல் எட்டு அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமும் கொண்ட இருபக்கக் கல்லே கமக்காரருக்கு ஏற்றது. இது சிலிக்கன் காபைட்டு எனப்படும் மிகக் கடினமான பொருளின் பரல்களை ஒட்டவைத்துச் சூளையிற் சுட்டுச் செய்யப்படுவது. காபொரண்டம் என்று கடைக்காரர் கூறுவதும் இதுவே. ஒரு பக்கம் பருபருப்பாகவும் மறுபக்கம் நுண்மையாகவும் இருக்கும். கல்லிலோ பெட்டியிலோ இலக்கம் பொறிக்கப்பட்டிருப்பின், பெரிய இலக்கம் நுண்மையைக் குறிக்கும் என்பதை நினைவிற் கொள்க. வாசற்படி, கிணற்றுக்கட்டின் சீமெந்து, அம்மியின் ஓரம் ஆகியவற்றிலே கத்தியை உரைஞ்சுவது பல வீடுகளில் நடைபெறுவது. இவற்றின் பரல்கள் ஒரே அளவின அல்ல. ஆதலால் வாய் கூராவதற்குப் பதிலாகக் கீறலும் பல்லுமாகின்றது. அவசரத்துக்கு ஒரு வழி வேண்டுமாயின் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடியிலே மினுக்குப் பூசப்படாத சொரசொரப்பான வளையத்தில் நாலைந்து முறை மெல்லத் தீட்டலாம். சற்று மழுங்கிய கத்திக்கு அது போதும். முற்றாக மழுங்கியதற்கு உதவாது.

கல்லை நீரில் அமிழ்த்தி, குமிழிகள் வருவது நின்றபின் எடுக்கவேண்டும். எண்ணெய் பூசியும் தீட்டலாம். ஆனால் ஒருமுறை எண்ணெய் ஊறிய கல் பின்னர் நீரை ஏற்காது. நீர் எங்கும் உண்டு, செலவும் இல்லை. ஆகையால் புதுக்கல் வாங்குவோர் நீரையே கைக்கொள்வது நன்று. நனைத்த கல்லின் கீழே ஈரச் சாக்குத் துண்டொன்றை விரித்து, மேசையிலோ பலகையிலோ வைத்தால் அது அசையாது. கல்லைக் கையில் ஏந்தி வீட்டுக் கத்தியைத் தீட்டுவது தவறு. இரண்டும் அசையும்போது சாய்வு ஒருபோதும் நிலைத்து நில்லாது.

சாய்வே இவ்வேலையின் உயிர்நாடி. அதனை அளப்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கத்தியின் அகலமே அளவுகோலாகும். கத்தியைக் கல்லிலே படுக்கவைத்து, வாய் கல்லிற் பட்டபடி இருக்க, முதுகை அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு உயர்த்துக. ஒன்றரை அங்குல அகலமான கத்திக்கு முதுகு அரை அங்குலம் உயர்ந்திருக்கும். இஃது ஏறத்தாழ 20 பாகைச் சாய்வு. பொதுவான வீட்டுக் கத்திக்கு இதுவே தகும். மரக்கறி அரியும் மெல்லிய கத்தியாயின் நாலில் ஒரு பங்கு உயர்த்தினாற் போதும். அது 15 பாகைக்குச் சிறிது குறைவாக வரும். பற்றை வெட்டவும் தேங்காய் பிளக்கவும் உதவும் கனமான கத்திக்கு அகலத்தின் அரைவாசி, அதாவது 30 பாகை வேண்டும். கனத்த கத்தியை மெல்லிய சாய்விலே தீட்டினால் முதல்நாள் நன்றாக வெட்டும். அடுத்த நாள் வாய் பல்லுப் பல்லாக உடைந்திருக்கும். கண்மதிப்பில் நம்பிக்கை இல்லாதவர் ஒரு கடதாசியின் சதுர மூலையை இரண்டு தடவை மடித்தால் இருபத்திரண்டரைப் பாகை கிடைக்கும். அதனைக் கல்லின் பக்கத்திலே நிறுத்தி, அதிலும் சற்றுக் குறைவாகக் கத்தியைப் பிடிக்கலாம்.

எடுத்த சாய்வு சரிதானா என்று காண்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. குறிப்புப் பேனாவின் கருமையை வாயோரம் முழுவதும் பூசி, கல்லில் இரண்டு முறை இழுத்துப் பார்க்க. மை வாய்நுனியில் அழிந்திருப்பின் சாய்வு சரி. நுனியில் மை இருக்க மேலே அழிந்திருப்பின் கத்தி அளவுக்கு மிஞ்சிப் படுத்திருக்கின்றது, முதுகை உயர்த்தவேண்டும். முதன்முறை தீட்டப் பழகுவோர் இதனைச் செய்யாது விடலாகாது.

இப்பொழுது பருபருப்பான பக்கத்திலே தொடங்குக. வலக்கை பிடியைப் பற்ற, இடக்கையின் இரு விரல் நுனிகள் அலகின் மேல், வாய்க்கு அப்பால் முதுகை ஒட்டி அமையவேண்டும். கல்லிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றைச் சீவுவது போல, வாய் முன்னோக்கிச் செல்லக் கத்தியைத் தள்ளுக. தள்ளும்போதே பிடியோரத்திலிருந்து முனைவரை வாய் முழுவதும் கல்லில் உரசிச் செல்லும்படி கத்தியைப் பக்கவாட்டிலும் நகர்த்துக. முனைக்கருகிலே வாய் வளைந்திருப்பதனால், அவ்விடம் வரும்போது பிடியைச் சிறிது உயர்த்தினாலன்றி முனை கல்லிற் படாது. அநேக கத்திகளில் முனையோரமே மழுங்கிக் கிடப்பதற்குக் காரணம் இதனைக் கவனியாமையே. திரும்பி வரும்போது கத்தியை இலேசாகத் தூக்கி வருக. வேகம் வேண்டாம்.

எத்தனை தடவை தீட்டுவது? பலர் இப்பக்கம் பத்து, அப்பக்கம் பத்து என எண்ணித் தீட்டுகின்றனர். எண்ணிக்கை எதனையும் அறிவிக்காது. மழுங்கல் எவ்வளவு, இரும்பு எவ்வளவு கடினம், கல் எவ்வளவு தேய்ந்தது என்பனவற்றைப் பொறுத்து அது பத்தாகவும் இருக்கலாம், நூறாகவும் இருக்கலாம். வேலை முடிந்ததை அறிவிப்பது பிசிர் ஒன்றே. ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டு போகும்போது, அப்பக்கத்தின் சாய்வு மறுபக்கத்தை எட்டிய கணத்தில், இரும்பு மிக நுண்ணிய விளிம்பாக மறுபக்கம் மடிகின்றது. இதுவே பிசிர். கண்ணுக்கு அரிதாகவே புலப்படும். விரலுக்கோ நன்றாகத் தெரியும். பெருவிரலை முதுகுப் பக்கத்திலிருந்து வாயைக் கடந்து வெளிநோக்கி மெல்ல இழுத்தால் கொக்கி போல எதிர்ப்படும். விரலை வாயின் நீளத்துக்கு ஓடவிடுவது கூடவே கூடாது.

பிசிர் அலகின் ஒரு பகுதியில் மாத்திரம் வந்து மற்றப் பகுதியில் வராதிருந்தால், வராத இடத்திலே மேலும் தேய்க்கவேண்டும். பிடியிலிருந்து முனைவரை இடைவிடாது அது வந்தபின்னரே கத்தியைப் புரட்டுதல் முறை. மறுபக்கத்தையும் அதே சாய்விலே தேய்த்துவர, பிசிர் முதற் பக்கத்துக்கு மாறும். இவ்விரண்டும் நிகழ்ந்துவிட்டால் இரு பக்கங்களும் ஒரு கோட்டிலே சந்தித்துவிட்டன என்பது உறுதி. பிசிர் வருமுன்னே நிறுத்தியவருடைய கத்தி ஒரு மணி நேரம் தீட்டியதாயினும் தீட்டாததே ஆகும். தீட்டத் தெரியவில்லை என்று மனஞ்சோர்ந்து கல்லை எறிந்தவர்களுட் பெரும்பாலோர் இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டியவர்களே.

இனிக் கல்லைப் புரட்டி நுண்மையான பக்கத்திலே அவ்வாறே செய்க. அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் கத்தியின் சொந்தப் பாரம் மாத்திரமே கல்லின் மேல் இருக்கும்படி, பக்கத்துக்கு ஒவ்வொரு இழுப்பாக மாற்றி மாற்றி இழுக்கவேண்டும். பிசிர் சிறுத்துச் சிறுத்து ஒழியும். எஞ்சியதை நீக்குவதற்குப் பழைய தோற்பட்டியின் உட்புறமோ தடித்த மட்டையோ போதும். அதன்மேல் வாய் பின்னோக்கி இருக்க, முதுகு முன்னே செல்ல, இருபக்கமும் ஏழெட்டு முறை இழுக்க. முன்னோக்கித் தள்ளினால் தோல் வெட்டுப்படும். பிசிரை நீக்காமல் விட்ட கத்தி தீட்டிய உடனே மிகக் கூராகத் தோன்றும். இரண்டு தக்காளி வெட்டியதும் பிசிர் மடிந்து மீண்டும் மழுங்கியதாகிவிடும். பின்னர் பழி கல்லின் மேல் விழும்.

கூரைச் சோதிப்பதற்கு விரலும் வேண்டாம், கைமயிரும் வேண்டாம். பழுத்த தக்காளியின் தோலிலே கத்தியை வைத்து அழுத்தாமல் இழுத்தால் அது இறங்கவேண்டும். தொங்கவிட்ட செய்தித்தாளை வெட்டும்போது ஓரிடத்திலே சிக்கினால், அவ்விடத்திலே இன்னும் பிசிரோ மழுங்கலோ உண்டு எனக் கொள்க.

தாக்கத்தியைத் தீட்டும் முறை வேறு. அதன் அலகு உட்புறமாக வளைந்திருப்பதனால் தட்டையான கல்லின் மேல் அது படியாது. எனவே இங்கு கத்தி அசையாதிருக்கக் கல்லே அசையவேண்டும். பிடியை மரக்குற்றியிலோ முழங்காலின் கீழோ உறுதியாக நிறுத்தி, ஓரங்கள் உருண்ட சிறிய கல்லை வளைவின் உட்புறமாகக் கொண்டுசெல்க. கல்லைப் பிடிக்கும் விரல்கள் கல்லின் விளிம்புக்கு மேலேயே இருத்தல் வேண்டும்; கீழே நீண்ட விரல் முதல் வழுக்கலிலேயே வெட்டுப்படும்.

பல் வெட்டிய தாக்கத்தியாயின் மிகுந்த கவனம் தேவை. கொல்லர் உளியினால் பற்களை வெட்டுவது அலகின் ஒரு பக்கத்தில் மாத்திரமே. மறுபக்கம் தட்டையாக விடப்பட்டிருக்கும். தீட்டவேண்டியது அத்தட்டைப் பக்கத்தையே. நுண்மையான கல்லை அப்பக்கத்தோடு முழுவதும் ஒட்டவைத்து, சாய்வு சிறிதும் இல்லாமல், மெல்லச் சில தடவை இழுத்தால் ஒவ்வொரு பல்லின் நுனியும் புதுக் கூர் பெறும். பல்லுள்ள பக்கத்திலே கல்லை வைத்தால் பற்கள் தேய்ந்து, நெற்றாளைப் பற்றி அறுக்கும் இயல்பை இழந்துவிடும். பற்கள் முற்றாகத் தேய்ந்தபின் கொல்லரிடம் கொடுத்துப் புதிதாக வெட்டுவிப்பதே வழி. காலபோக அறுவடை தொடங்கும் வாரத்திலே கொல்லர் பட்டறையிற் கூட்டம் நிற்கும். ஆகையால் பயிர் குடலையாய் இருக்கும்போதே இதனை முடித்துவைத்தல் புத்தி. அரிவு வெட்டும் நாளிலே சிறு கல்லொன்றை மடியிற் கொண்டுபோய், ஓய்வெடுக்கும் வேளைதோறும் சில இழுப்புத் தீட்டிக்கொண்டால் மாலைவரை கூர் நிற்கும். பாளை சீவுவோர் தம் கத்தியை நாள்தோறும் தீட்டாமல் மரத்தில் ஏறுவதில்லை. அவர்களுடைய கத்தியின் கூரைக் கண்டவர்கள் இப்பழக்கத்தின் பயனை அறிவர்.

மண்வெட்டிக்குக் கல் வேண்டியதில்லை. தட்டை அரம் போதும். ஏற்கெனவே சாய்வு அமைந்துள்ள பக்கத்தில் மாத்திரம், அரத்தை ஒரே திசையிலே தள்ளி அராவுக. அரம் முன்னோக்கிச் செல்லும்போதே வெட்டும்; பின்னோக்கி இழுக்கும்போது அழுத்தினால் அதன் பற்களே கெடும்.

மின்சாரச் சாணையிலே கொடுத்துத் தீட்டுவிப்பது இன்று எங்கும் பரவியுள்ளது. வேலை விரைவாக முடியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சுழலும் கல்லிலே மெல்லிய வாய் சில நொடிகளிற் சூடேறிவிடும். வாயோரத்திலே முதலில் வைக்கோல் நிறமும் பின்னர் நீலமும் தோன்றுவதைக் காணலாம். நீலம் தோன்றும்போது இரும்பின் சூடு ஏறத்தாழ 300 பாகை சதமவளவை எட்டிவிட்டது. கொல்லர் காய்ச்சித் தோய்த்துக் கொடுத்த கடினம் அவ்விடத்திலே போய்விட்டது. அதன்பின் எவ்வளவு தீட்டினும் கூர் நில்லாது; நீலம் படர்ந்த இரும்பு முழுவதையும் குளிர்ச்சியாகத் தேய்த்து அகற்றவேண்டும். வாகனங்களின் வில்லுத் தகட்டில் அடித்த நல்ல கத்திகள் பல இவ்வாறு கெட்டுப்போகின்றன. பெரிய பல்லுடைந்த கத்தியைச் சாணைக்குக் கொடுக்கவேண்டி வரின், இழுப்புக்கு ஒருமுறை நீரில் தோய்க்கும்படி கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்பது நன்று. இறுதிக் கூரை வீட்டுக் கல்லிலே வைத்துக்கொள்க.

தீட்டிய கூர் நிலைப்பது பாவிப்பவரின் கையில் உள்ளது. பீங்கான் தட்டிலும், அலுமினியச் சட்டியின் விளிம்பிலும், கருங்கல்லிலும் வைத்து வெட்டிய கத்தி அன்றே மழுங்கும், மரப்பலகையே உகந்தது. மாங்காய், எலுமிச்சை, வாழைக்காய் வெட்டியபின் உடனே கழுவித் துடைக்காவிடின் புளிப்பும் கயரும் வாயை அரிக்கும். பலாப்பால் ஒட்டிய கத்தியை நீர் கழுவாது. முதலில் தேங்காயெண்ணெய் தடவித் துடைக்கவேண்டும். போகம் முடிந்தபின் தாக்கத்தியை மண்போகக் கழுவி, வெயிலில் உலர்த்தி, எண்ணெய் பூசிக் கடதாசியிற் சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்குக. கூரையின் கிடுகிற் செருகுவது பழைய வழக்கமாயினும், கைதவறி விழும் கத்தி எங்கு விழும் என்பது எவருக்கும் தெரியாது.

மரக்கறித் தோட்டத்திற் பாவிக்கும் கத்தியைச் சமையலறைக் கத்தியினின்றும் வேறாக வைத்தல் வேண்டும். தக்காளி, கத்தரி ஆகியவற்றை அழிக்கும் பற்றீரிய வாடல் நோய், நோயுற்ற செடியை வெட்டிய அலகின் மூலமாக நல்ல செடிக்குத் தொற்றும். விதை உருளைக்கிழங்கை வெட்டும் கத்தியாலும் இவ்வாறு நேரும். வாடிய செடியொன்றை வெட்ட நேரின், கத்தியில் ஒட்டிய மண்ணையும் சாற்றையும் முதலிற் கழுவி, வீட்டுப் பாவனைக்கான குளோரீன் வெளிற்றித் திரவம் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு கலந்து அதில் அலகை அரை நிமிடமாவது அமிழ்த்துக. இத்திரவம் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே வேலை முடிந்ததும் நல்ல நீரிற் கழுவித் துடைத்து எண்ணெய் பூச மறவற்க.

கல்லும் தேயும். எப்போதும் நடுவிலேயே தீட்டுவதனால் அங்கு குழி விழும். குழிந்த கல்லிலே சாய்வு நில்லாது. சமமான சீமெந்துத் தரையிலே சிறிது ஆற்றுமணலைத் தூவி, நீர் தெளித்து, கல்லைக் கவிழ்த்து வட்டமாக உரைஞ்சினால் சற்று நேரத்திலே மட்டமாகிவிடும். தீட்டியபின் கல்லிற் படிந்த கருஞ்சேற்றைக் கழுவி, நிழலில் உலர்த்தி, எண்ணெய்ப் போத்தலுக்கு அருகில் வையாது பாதுகாக்க.